பூரணம் மச்சாளின் சோதனைக் குழாய்

பூரணம் மச்சாள் மழை வரும் என்று சொன்னால் மழை வரவேண்டும். வராவிட்டால் பிழை வானத்தினுடையது. இப்படிப்பட்ட ஒரு மனுசியோடு ஒரே வளவுக்குள் சீவிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவருடைய புருசன், என் அண்ணை கதிரவேலு, அதை நன்றாக அறிவார். ஆனால் கேட்டால் சொல்லமாட்டார். சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் கலியாணம் கட்டாமல் அவர்களோடேயே இருந்து எல்லாவற்றையும் கண்டவள். அதனால் நான் சொல்கிறேன்.

அண்ணைக்கு முதலில் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோய், உயிர் தப்பி, அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உடுத்த சாரமும் போட்ட சேட்டும்தான் மிச்சம். வயாவிளானில் எங்கள் வீட்டுப் படலையடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அயலட்டைச் சனமும் அழுதது. மகள் தவமலரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மச்சாள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ, மறந்துபோச்சோ?"

அண்ணை திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"உயிரோடை வந்திட்டியள். மிச்சத்தை எங்கடை செம்பாட்டு மண் பாத்துக்கொள்ளும். அழுதால் முகம்தான் வீங்கும். வேறை என்ன கிடைக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நெஞ்சில் ஈரமில்லாத மனுசி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் அந்தப் போகமே அண்ணை வெங்காயம் நட்டார். மச்சாள் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். அடுத்த வருசம் மிளகாய், அதற்கடுத்த வருசம் புகையிலை. ஏழு வருசத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. மச்சாள் சொன்னது நடந்துவிட்டது என்பதை நான் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை எங்கள் ஊருக்குள் வந்தது. ஓடு போட்ட வீட்டையும் விளைந்த தோட்டத்தையும் விட்டுவிட்டு ஊரோடு ஊராக நடந்தோம். உடுவிலுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் நான்கு குடும்பங்கள். பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளை அடுக்கி, சேலையை மறைப்பாகக் கட்டி, அதற்குள் அண்ணை, மச்சாள், எட்டு வயதுத் தவமலர், நான். அடுத்த மறைப்புக்குள் எங்கள் பெரியப்பா தம்பிராசா. வெங்காயச் செய்கையில் அந்தக் காலத்தில் அவரை அடிக்க ஆளில்லை. தோட்டம் போனபிறகு ஊருக்கெல்லாம் புத்தி சொல்வதுதான் அவருடைய செய்கை.

பொருளாதாரத் தடையால் பொருள் வரத்து நின்ற காலம் அது. மண்ணெண்ணெய் ஆனை விலை. பற்றறி இல்லை. சவுக்காரம் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. பனம்பழக் காலத்தில் பனங்களியைப் பிசைந்து அதில்தான் உடுப்புத் தோய்த்தோம். ஊத்தை போனது உண்மை. ஆனால் அந்த உடுப்போடு ஒழுங்கையால் போனால் மாடு பின்னாலே நக்கிக்கொண்டு வரும். பெரியப்பாவின் வேட்டித் தலைப்பை ஒரு நாம்பன் கன்று மென்றே தின்றுவிட்டது. பனங்காலம் முடிந்ததும் அதுவும் இல்லை. அவ்வளவு சனத்துக்கும் ஒரு கிணறு. குளிப்பு என்பது நாலு வாளித் தண்ணீரில் முடிந்துவிடும்.

அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. முதலில் விரலிடுக்கில் கடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் கட்டிச் சிரங்கானது. தவமலருக்குக் கையிலும் காலிலும் நல்ல விளைச்சல். மச்சாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். பிள்ளை கத்தக் கத்தப் பூசினார். மாசி மாதம் சிரங்கு காய்ந்து உதிர்ந்தது.

"பாத்தியே குணம், ஒரு டொக்டரும் தேவைப்படேல்லை," என்றார் என்னிடம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முகாமில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். புண் ஆறினால் வருத்தம் முடிந்தது என்பதுதானே உலக வழக்கம்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் தவமலர் எழும்பியபோது கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்மடல் பருத்திருந்தது. மச்சாளுக்குத் தலைகால் தெரியாத புளுகம். ஒவ்வொரு மறைப்பாகப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"முகாம் சாப்பாட்டிலை பிள்ளையள் மெலியுதுகள் எண்டு சொல்லினமே, இஞ்சை பாருங்கோ. எல்லாம் என்ரை பருப்புக்கறி."

"அதே பருப்பைத்தானே மச்சாள் நாங்களும் தின்னுறம். எங்களுக்கு ஏன் ஒண்டும் ஊதேல்லை?" என்று கேட்டேன்.

"உனக்கு எரிச்சல். எரியிற உடம்பிலை சதை பிடியாது."

பின்னேரத்தில் அந்தக் கன்னம் வற்றிவிடும். காலையில் திரும்ப வரும். இரண்டு மூன்று நாளில் காலும் வீங்கியது. அப்புறம் ஒரு நாள் பிள்ளை சலம் கழித்ததைப் பார்த்த அண்ணை ஓடிவந்தார். வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போயிருந்தது. அதுவும் கொஞ்சமாய்.

பெரியப்பா தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிசமும் எடுக்கவில்லை. "உடம்புச் சூடு. வேறை ஒண்டுமில்லை. இளநி குடுங்கோ. தண்ணி விட்டால்தானே வாய்க்கால் ஓடும்?"

எங்கள் ஊரில் சலம் நிறம் மாறினால் சூடு, சூடென்றால் இளநீர். இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. முகாமே திரண்டு வந்தது. ஒருவர் இளநீர் கொண்டுவந்தார். இன்னொருவர் பார்லித் தண்ணீர் காய்ச்சினார். வேறொருவர் நன்னாரி வேர் அவித்தார். கஞ்சிக்கு நல்லாய் உப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னார் அண்ணை. எல்லாம் அன்பில் வந்தவை. பிள்ளையும் குடித்தது. உள்ளே போனது எல்லாம் போனது. வெளியே வந்தது ஒரு சிரட்டைகூட இல்லை.

பிறகு ஒரு நாள் முற்பகல், தலை இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிக்கு வந்த தவமலர், காலையில் குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்தாள். அடுத்த நிமிசம் கண் செருகி, கைகால் இழுக்க விழுந்தாள். வலிப்பு.

உடுவில் சந்தியில் யாகோப்பு என்பவரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடும். புறப்பட மட்டும் நாலு துளி பெற்றோல் ஊற்றவேண்டும். யாகோப்பு அந்தப் பெற்றோலை மருந்துப் போத்தலுக்குள் வைத்து உயிர் மாதிரிக் காப்பவர். மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் முழுப் போத்தலையும் ஊற்றினார். கறுத்த புகை கக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். சலம் போவதற்கு ஊசி, இரத்த அழுத்தத்துக்கு மருந்து, பிறகு பெனிசிலின். பின்னேரம் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இளம் பெண். நித்திரை இல்லாத கண்கள்.

"பிள்ளைக்கு அண்மையிலை சிரங்கு வந்ததோ?"

"அது ஆறி ஒரு மாதமாகுது," என்றார் மச்சாள் பெருமையோடு.

"அதுதான் இந்த வருத்தத்தின்ரை கள்ளத்தனம், அம்மா. புண்ணிலை இருந்த கிருமியோடை உடம்பு சண்டை பிடிச்சிருக்கு. அந்தச் சண்டையின்ரை கழிவு போய்ச் சிறுநீரகத்திலை தங்கி, அங்கை அழற்சி வந்திட்டுது. நெப்றைற்றிஸ் எண்டு சொல்லுவினம். தேத்தண்ணி வடி இருக்கல்லோ, அது வீங்கி அடைச்சால் எப்பிடி? போகவேண்டிய தண்ணியும் உப்பும் போகாமல் உடம்பிலை தேங்குது. அதுதான் முகம் வீங்கினது. போகக் கூடாத ரத்தம் கசிஞ்சு போகுது. அதுதான் அந்த நிறம். தேங்கின தண்ணியாலை பிறசர் ஏறி, வலிப்பு வந்தது."

"அப்ப அந்த இளநி...?" என்றார் அண்ணை.

"இனி ஒரு துளியும் வேண்டாம். தண்ணி நாங்கள் அளந்து குடுப்பம். உப்பும் கூடாது."

"பிள்ளை தப்புமோ?" என்று கேட்டார் மச்சாள்.

"இப்ப தப்பியிட்டுது. இந்த வருத்தம் கனபேருக்கு முழுக்கச் சுகமாகும். சிலருக்கு மாறாமல் உள்ளுக்குள்ளை கிடந்து, வருசக்கணக்கிலை சிறுநீரகத்தைச் சுருக்கிப்போடும். அப்பிடி வந்தால் ரத்தம் சுத்தம் பண்ணிற மெசின் இஞ்சை இல்லை. உங்கடை பிள்ளைக்கு எப்பிடி வருமெண்டு இப்ப நான் சொல்லேலாது."

"நான் சொல்லுறன். என்ரை பிள்ளைக்கு மாறும்," என்றார் மச்சாள்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இந்த இடத்திலுமா இந்த வீம்பு என்று நினைத்தேன்.

மறுநாள் பெரியப்பா சைக்கிள் காரியரில் ஒரு குலை இளநீரைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாட்டு வாசலிலேயே மச்சாள் மறித்துவிட்டார்.

"மாமா, ஒரு கதை கேக்கிறன். வடிகால் அடைச்ச வெங்காயப் பாத்திக்கு ஆரும் தண்ணி இறைப்பினமோ?"

"விசரே உனக்கு? வெங்காயம் அழுகிப்போமெல்லோ."

"என்ரை பிள்ளைக்கும் வடிகால்தான் அடைச்சுக் கிடக்கு."

பெரியப்பா கொஞ்ச நேரம் குலையைப் பார்த்தார். வாட்டுக்குள் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு குலையைத் திரும்பக் காரியரில் கட்டினார். அவர் கண் கலங்கியதைக் கண்டபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

சலம் இறங்க இறங்க வீக்கமும் இறங்கியது. வீட்டுக்கு விடும்போது வாட்டு நேர்ஸ் செபஸ்தியம்மா மச்சாளின் கையில் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயைக் கொடுத்தார். சலத்தில் புரதம் போகிறதா என்று பார்க்கும் தாள் வரத்து இல்லாத காலம். அதனால் பழைய முறையைக் காட்டிக்கொடுத்தார். காலைச் சலத்தைக் குழாயில் எடுத்து, மேற்பாதியை நெருப்பில் காட்டிக் கொதிக்கவைக்கவேண்டும். வெள்ளையாய்க் கலங்கினால், அச்சாற்றுக்குப் புளிப்பாய் விடும் வினாகிரி இரண்டு துளி விடவேண்டும். கலங்கல் தெளிந்தால் பயமில்லை. தெளியாமல் நின்றால் சிறுநீரகம் இன்னும் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மச்சாள் இரண்டு சபதத்தோடு முகாமுக்குத் திரும்பினார். ஒன்று, குழாய் தெளியும்வரை அவர் குடும்பத்தில் ஒருவரும் உப்புத் தொடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்த நேர்த்தி. மற்றது, இந்த முகாமில் இனி ஒரு பிள்ளைக்கும் சிரங்கு வர விடுவதில்லை என்பது.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். தெருத் திருத்த வேலைக்கென்று கொண்டுவந்து கைவிட்டுக் கிடந்த ஒரு தார்ப் பீப்பாவை அண்ணையைக்கொண்டு உருட்டுவித்தார். அதைச் சுரண்டி எரித்துத் துப்புரவாக்கி, கிணற்றடியில் கல் வைத்து ஏற்றினார். முகாமின் உடுப்பு, பாய்த்துணி, தலையணை உறை எல்லாம் அதற்குள் அவிந்தன. விறகுக்குச் சண்டை. தண்ணீருக்குச் சண்டை. "சீலையை அவிக்கிறாள், இனி எங்களையும் அவிப்பாள்," என்று ஒரு கிழவர் பாட்டே கட்டினார். மச்சாள் அசையவில்லை. ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விரலிடுக்குப் பார்ப்பார். நகம் வெட்டுவார். புண் கண்டால் தாயையும் பிள்ளையையும் அப்படியே மருந்தெடுக்க அனுப்புவார். போகமாட்டேன் என்ற ஒரு தாயிடம், "உன்ரை பிள்ளை வலிப்பிலை இழுக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது. ஒருக்காப் பாத்திட்டன்," என்றார். அந்தத் தாய் எழும்பிப் போனாள். அடுத்த மாரிக்குள் முகாமில் சிரங்கைக் காண்பதே அருமையாகிவிட்டது.

உப்பு நேர்த்திதான் பெரும்பாடு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? மச்சாளின் கைப்பக்குவம் பேர் போனது. அதே கை வைத்த கறி இப்போது வைக்கோல் மாதிரி இருந்தது. தவமலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள். தாய் அதையே தின்பதைப் பார்த்ததால் தின்றாள். எனக்கும் அதே சட்டிதான். ஆனால் அண்ணை? சேட்டுப் பைக்குள் கடதாசியில் சுற்றிய உப்புக்கல்லோடு பெரியப்பாவின் மறைப்புக்குள் போய்க் கருவாடு தின்றுவிட்டு வருவார். மச்சாளுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் குழாய்ச் சோதனை. அடுப்படியில் குந்தியிருந்து குழாயைச் சாய்த்துப் பிடிப்பார். மேற்பாதி கொதிக்கும். வெள்ளையாய்க் கலங்கும். வினாகிரி விடுவார். தெளியாது. ஒவ்வொரு கிழமையும் என்னிடம் திரும்பி, "இண்டைக்குக் கொஞ்சம் குறைவு, என்ன?" என்பார். எனக்குக் குறைந்த மாதிரித் தெரியாது. ஓம் என்பேன். பிள்ளை ஓடி விளையாடும். பள்ளிக்கூடம் போகும். வீக்கமில்லை, வலிப்பில்லை. ஆனால் அந்த வெள்ளை மட்டும் போகவில்லை. உள்ளுக்குள் சுருங்குகிறதோ, சுருங்குகிறதோ என்று எனக்கு நித்திரை வராது. அந்தப் பிள்ளையை நான் பெறவில்லை. ஆனால் அவள் இல்லாத ஒரு வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மச்சாளின் பேச்சில் ஒரு தளம்பலும் இல்லை. "மாறும் எண்டு சொன்னன். மாறும்." ஆனால் வியாழன் இரவுகளில் அவர் எழும்பி அடுப்படியில் குந்தியிருப்பதை நான் கண்டேன். தை வந்தது, சித்திரை வந்தது, ஆடி வந்து போனது. இனிச் சோற்றில் கொஞ்சம் உப்புச் சேர்க்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். "அம்மனுக்குச் சொன்னது சொன்னதுதான்," என்றுவிட்டார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மார்கழி. திருவெம்பாவைப் பூசைச் சங்கு எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது. மச்சாள் குழாயை நெருப்பில் காட்டினார். கொதித்தது. தண்ணீர் மாதிரியே இருந்தது. வினாகிரி விட்டார். குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. நம்பாமல் திரும்ப ஒரு தடவை செய்தார். அதுவும் தெளிவு.

"குணம், இஞ்சை வா!" என்று கூப்பிட்ட சத்தத்தில் முகாமே எழும்பிவிட்டது. நான் பார்த்தேன். அண்ணை பார்த்தார். பெரியப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பால் கொண்டுவந்த மனிதரையும் மறித்துக் காட்டினார். "என்னத்தை அம்மா பாக்கிறது?" என்றார் அவர். "ஒண்டுமில்லாததைப் பாருங்கோ!" என்றார் மச்சாள். அன்றைக்கு மத்தியானக் கறிக்கு ஒரு கை உப்பு அதிகமாகவே விழுந்தது. கண் கலங்கக் கலங்கச் சாப்பிட்டோம். அண்ணை மட்டும், இத்தனை நாளும் உப்பே காணாதவர் மாதிரி, ஆகா ஆகா என்று நடித்தார். பிறகு கிளினிக்கிலும் பார்த்துவிட்டு, சிறுநீரகம் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்கள்.

பிறகு முகாமை விட்டு உடுவிலில் ஒரு குத்தகைக் காணியில் கொட்டில் போட்டோம். அண்ணை திரும்ப வெங்காயம் நட்டார். தவமலர் பெரிய பிள்ளையாகி, ஓர் ஆட்டுக்குட்டியும் வளர்த்தாள். எப்போதாவது அவள் முகம் கொஞ்சம் உப்பலாய்த் தெரிந்தால் மச்சாள் குழாயைத் தூக்கிவிடுவார். அவளுக்கு வெட்கத்தில் உயிர் போகும். குழாய் ஒவ்வொரு முறையும் தெளிவாகவே இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. சண்டை திரும்ப வந்தது. எல்லோரும் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கள் பக்கமான வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தது. மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தில் நசுங்கி, ஓர் அடி வைக்க ஒரு யுகம் நின்று நடந்தோம். மச்சாள் கொண்டுவந்தது இரண்டு உடுப்பு, ஒரு சட்டி, சேலைத் தலைப்பில் முடிந்த அந்தக் குழாய். ஆட்டுக்குட்டியைத் தவமலரே அவிழ்த்துவிட்டாள். வழி முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஒதுங்கினோம். விடிந்தது. மச்சாள் மகளைப் பார்த்தார். அவருடைய முகம் இருண்டது. நானும் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கண்மடல் பருத்து, அன்றைக்கு வலிப்பு வருவதற்கு முன் இருந்த அதே முகம்.

ஆஸ்பத்திரி பின்னால் தூரத்தில் போய்விட்டது. யாகோப்பின் கார் எங்கே என்று யாருக்குத் தெரியும்? மச்சாள் முடிச்சை அவிழ்த்தார். "போ பிள்ளை, இதுக்குள்ளை பிடிச்சுக்கொண்டு வா," என்றார். தவமலர் அன்றைக்கு வெட்கப்படவில்லை. அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். அந்த ஊர்ப் பெண்ணொருத்தி வந்த சனத்துக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பில் மச்சாள் குழாயைக் காட்டினார். வினாகிரி இல்லை. அந்தப் பெண்ணே புளிப்புக்கு ஒரு தேசிக்காய் வெட்டிக் கொடுத்தாள். சேலைத் தலைப்பில் வடித்து இரண்டு துளி விட்டார்.

குழாய் தெளிவாய் இருந்தது.

மச்சாள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வருத்தமில்லை. நீ அழுதிருக்கிறாய்."

"மழைக்குள்ளை ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்," என்றாள் தவமலர். "அழுதால் முகம்தான் வீங்கும் எண்டு நீங்கள்தானே அம்மா சொல்லுறனீங்கள்."

"வீங்கட்டும். வடிவாய் அழு. உன்ரை சிறுநீரகம் நல்லாயிருக்கு."

அவள் வாய்விட்டு அழுதாள். அண்ணையும் அழுதார், நானும் அழுதேன். கொழும்பிலிருந்து வெறுங்கையோடு வந்தவரிடம் மண்வெட்டியைப் பற்றிக் கேட்ட அந்த மனுசி, குழாயை மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே குந்தியிருந்து, வயாவிளான் வீட்டுக்கும் உடுவில் வெங்காயத்துக்கும் கலங்கிக் கிடந்த அத்தனை வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து அழுதார்.

அடுத்த நாள் காலையில் மச்சாளின் முகமும் வீங்கியிருந்தது. அதை யாரும் சோதிக்கவில்லை.